பனி கழுவிய கொடிகள்

கதவைத் திறந்தேன். மாணிக்கம் நின்றான். தலையில் உட்காருகிற பிளாஸ்டிக் கதிரைகள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியது. கால் முழுக்கப் பனி ஈரம்.

“ஆறுமுகண்ணே,” என்றான். குரல் இறங்கியிருந்தது. “யாருண்ணே?”

“யாரு, என்ன?”

“போனது.”

எனக்கு விளங்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் தலையைப் பார்த்தேன். அது எங்கள் தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் கதிரை. அறைச் சாவி மாணிக்கத்திடம்தான் இருக்கும். லயத்து வரிசை வீடுகளில் ஒருவர் கண்ணை மூடினால், சொந்தக்காரருக்கு முந்தி அந்தக் கதிரை வந்து சேரும்.

“யாரும் போகல,” என்றேன்.

“அப்ப கொடி?”

சுமையோடு அவனால் தலையைத் திருப்ப முடியவில்லை. கண்ணால் காட்டினான்.

பார்த்தேன். முந்தின நாள் பின்னேரம் நானும் மகனும் கட்டிய கடதாசித் தோரணம். ரோட்டிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் கட்டியிருந்தோம். சிவப்பும் பச்சையுமாகத்தான் கட்டினோம். இப்போது ஒரு கொடியிலும் நிறம் இல்லை. மேலிருந்து கீழே ரோடு வரைக்கும் வெள்ளை.

எங்கள் பக்கத்தில் வெள்ளைக் கொடிக்கு ஒரே அர்த்தம். சாவு வீடு.

உள்ளே மருமகள் தூங்குகிறாள். நிறைமாதம். அடுத்த நாள் நத்தார், கிறிஸ்மஸ். அதற்கு முந்தி, அன்று பகலே அவளுடைய அம்மா வருவதாக இருந்தது. கல்யாணத்துக்கு வராத அம்மா.

“கதிரைய எறக்கவா, வேணாமாண்ணே?” என்றான் மாணிக்கம். “கழுத்து நோவுது.”

வாசல் மிதிக்காத சம்பந்தி

நத்தார் எங்கள் வீட்டுப் பண்டிகை இல்லை. நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பக்கம் எங்கள் தோட்டம். மகன் சந்திரன் மாத்தளை டவுனில் திரீவீல் ஓட்டுகிறான். அங்கேதான் டெய்சியைப் பார்த்தான். வேதக்காரப் பிள்ளை. அவளுடைய அம்மா திரேசா ஒரு தையல்காரர். புருஷன் இல்லாமல், மெசினை மிதித்தே மகளை வளர்த்தவர்.

சாமி வேறு என்பதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. லயம்தான் அவருக்குத் தொண்டையில் நின்றது.

“லயத்துக் காம்பராவுல என் புள்ள வாழாது” என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். பதிவுக் கல்யாணம் நடந்தது. அவர் வரவில்லை.

டெய்சி வந்தாள். வாழ்ந்தாள். முதல் வாரம் அடுப்புப் புகையில் இருமினாள். பிறகு என் பெஞ்சாதி பூமணியைவிட நன்றாக அடுப்பு ஊதினாள். பூமணியே அதைச் சொன்னாள். பூமணி லேசில் ஒருவரைச் சொல்ல மாட்டாள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அது யாருக்கும் பொதுவான வழக்கம். அதற்காகத்தான் திரேசா போன் பண்ணினார். பேசியது முன்திண்ணையான இஸ்தோப்பு வரைக்கும் கேட்டது.

“நத்தாருக்கு முந்தின நாள் வர்றேன். ரோட்டுல நிப்பேன். நீ எறங்கி வந்துரு. பகல் பஸ்ஸுல போயிருவோம். நான் அந்த வாசல மிதிக்க மாட்டேன்.”

டெய்சி போனை வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். வெங்காயம் உரிக்கிறவளிடம் ஏன் அழுகிறாய் என்று கேட்க முடியாது.

“மிதிக்காட்டிப் போறாங்க,” என்றாள் பூமணி. “வாசல் தேயாம இருக்கும்.”

எனக்கு அப்படி விட முடியவில்லை. ரோட்டில் நின்று மகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர், பிள்ளை பிறந்த பிறகு அவளை இந்த வாசலுக்குத் திருப்பி அனுப்புவாரா? யாரும் இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. சந்திரன் அன்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். அவன் ஒருநாளும் சோற்றை வைக்கிறவன் இல்லை.

கத்திரிகோல் பிடித்த கை

அதற்கு அடுத்த வாரம் டெய்சி போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மூன்று மூலைக் கொடிகள். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, கயிற்றில் வரிசையாக.

“எங்க வீட்டுல நத்தாருக்கு இப்புடித்தான் மாமா கட்டுவோம். அம்மா துணியில தைப்பாங்க.”

“கடதாசில செய்யலாமா?”

“செய்யலாம். யாரு செய்யிறது?”

“நான்.”

பூமணி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். கையில் அகப்பை.

“நீங்களா? வேணாங்க.”

அவள் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் சாவுக்குக் கொடி வெட்டுகிறவன் நான்தான்.

நான் ஸ்டோரில் பாக்கிங் ரூமில் வேலை செய்ததை இந்தப் பத்தியில் போன வாரம் எழுதியிருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்தக் காலத்தில் தேயிலை பலகைப் பெட்டியில்தான் போகும். பெட்டிக்குள் முதலில் ஈயத்தாள் விரிக்க வேண்டும். மூலையில் சுருக்கம் விழுந்தால் காற்றுப் போகும். தேயிலை கெடும். சூப்பவைசர் ஒவ்வொரு பெட்டியிலும் மூலைக்கு விரல் விட்டுப் பார்ப்பார். கொஞ்ச நாளில் என் பெட்டிக்கு விரல் விடுவதை நிறுத்திவிட்டார். எனக்குக் கிடைத்த சர்ட்டிபிகேட் அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் ஒன்றும் வாங்கவில்லை.

முதல் கொடி என் அப்பாவுக்கு வெட்டினேன். அன்று மழை. மூத்த மகன் சும்மா நிற்கிறானே என்று யாரோ ஒருவர் கத்திரிகோலைக் கையில் தந்தார். வெள்ளைத் தாளும் தந்தார். வெட்டினேன். எல்லாம் ஒரே அளவாக வந்தது. அழுகிறதைவிட அது லேசாக இருந்தது.

அதற்குப் பிறகு யார் போனாலும் எனக்கு ஆள் வரும். வெட்டிக் கொடுப்பேன். ஆனால் ஒரு கல்யாணத்துக்கு என்னைக் கொடி வெட்டக் கூப்பிட்டதில்லை. கோயில் திருவிழாவுக்கும் கூப்பிட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

“மாசமா இருக்குற புள்ள இருக்குற வீடு,” என்றாள் பூமணி. “அந்தக் கையால மூணு மூலை வெட்டாதீங்க.”

“இந்தக் கையாலதான் சோறு திங்கிறேன்.”

“திங்கிறது வேற.”

“மாமி, கலர்க் கொடிதானே,” என்றாள் டெய்சி.

பூமணி அவள் வயிற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து அகப்பையை நீட்டினாள்.

“கலராவே இருக்கட்டும். ஒரே ஒரு வெள்ளை என் கண்ணுல பட்டாலும் அறுத்து அடுப்புல போட்டுருவேன்.”

கடதாசியைப் பற்றி யோசித்தேன்

எங்கள் பக்கத்துப் பனியைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது வெளியில் நிற்காது. வீட்டுக்குள் வரும். உப்பு தண்ணீராகும். தீப்பெட்டியை அடுப்புக்கு மேலே வைக்காவிட்டால் உரசாது. துவைத்த சட்டை உடம்பில்தான் காயும்.

கடையில் விற்கிற மெல்லிய கலர்க் கடதாசியைக் கட்டினால் விடியும்போது கயிறுதான் மிச்சம் இருக்கும். அது எனக்குத் தெரியும். அதனால் தடித்த கடதாசி தேடினேன். லயம் முழுக்கப் போய்ப் பழைய கலண்டர் கேட்டேன். பிள்ளைகளின் புத்தகத்துக்கு உறை போட எல்லா வீட்டிலும் வைத்திருப்பார்கள். முன்பக்கம் படம். பின்பக்கம் வழுவழுப்பான வெள்ளை.

அதிலும் ஒரு வேலை வந்தது. முருகன் படத்தை வெட்டப் பூமணி விடவில்லை. மாதா படத்தை வெட்ட டெய்சி விடவில்லை. இருவரும் உட்கார்ந்து பிரித்தார்கள். சாமிகள் ஒரு பக்கம் போனார்கள். எனக்கு அருவியும் யானையும் நகைக்கடைப் பெண்களும் கிடைத்தார்கள்.

செய்வது பெரிய வித்தை இல்லை. அட்டையில் ஒரு முக்கோணம் வெட்டிக்கொண்டேன். தாளைப் படம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்தேன். முக்கோணத்தின் அடியை மடிப்பின்மேல் வைத்து, மற்ற இரண்டு பக்கத்தையும் வெட்டினேன். மடிப்பை வெட்டக் கூடாது. விரித்தால் வைரம் மாதிரி வரும். மடிப்புக்குள் கயிறு. உள்ளே கோதுமை மாப் பசை. மூடி அழுத்தினால் ஒரு கொடி. இரண்டு பக்கமும் வெள்ளை. யானை உள்ளே.

பசையைக் கட்டி விழாமல் காய்ச்ச வேண்டும். அதைப் பூமணி காய்ச்சினாள். கோபத்தோடு காய்ச்சினாலும் பசை நன்றாக வந்தது.

அல்வாவுக்குப் போடுகிற சிவப்புக் கலர்ப் பவுடரும் பச்சைக் கலர்ப் பவுடரும் சந்திரன் டவுனில் வாங்கி வந்தான். சுடுதண்ணீரில் கரைத்தேன். பழைய பனியன் துண்டால் பூசினேன். அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்தேன். வீடு முழுக்கப் பசை வாசம். என் கை ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. வேலையிலிருந்து வந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“என்னங்க ஆறுமுகண்ணே, ஒங்களுக்கா கல்யாணம்?”

“பொண்ணு பாக்குறேன்,” என்றேன்.

உள்ளேயிருந்து பூமணி, “யாராவது வந்தா கூட்டிட்டுப் போங்கடி, பசையோட சேத்து” என்றாள்.

நத்தாருக்கு இரண்டு நாள் முந்திப் பின்னேரம் கட்டினோம். அடுத்த நாள் திரேசா வருகிறார். வாசலோடு நிறுத்தலாம் என்றான் சந்திரன். நான் ரோடு வரைக்கும் கொண்டுபோகச் சொன்னேன். வாசல் மிதிக்க மாட்டேன் என்றவர் ரோட்டில்தானே நிற்பார். அங்கே நின்றாவது பார்க்கட்டும். தன் மகள் இருக்கிற வீட்டுக்கு நத்தார் வந்திருக்கிறது என்று பார்க்கட்டும்.

நிழல் மரத்துக்கு மரம் கட்டி, கல் படி நெடுகக் கொண்டுபோனோம். சந்திரன் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

“அப்பா, டவுன் கட மாதிரி இருக்கு.”

அவன் என் வேலையைச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. நான் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. இன்னொரு தரம் இழுத்தேன். சந்திரன் பண்டிகைத் திரீவீல் ஓட்டத்துக்காக டவுனுக்குப் போய், இரவு அங்கேயே தங்கிவிட்டான்.

கடதாசியைப் பற்றி யோசித்தேன். சாயத்தைப் பற்றி யோசிக்கவில்லை. அவ்வளவுதான். பனி வந்தது. கூடவே தூறலும். கடதாசி அசையாமல் நின்றது. வழுவழுப்பான தாளில் சாயம் ஊறவே இல்லை. அது கழுவிக்கொண்டு சாக்கடைக் கானில் போய்விட்டது.

செருப்பு

இனி மாணிக்கத்திடம் வருகிறேன். அவன் கதிரையை இஸ்தோப்பில் இறக்கினான். சத்தம் கேட்டுப் பூமணி வந்தாள். கொடியைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. படியில் உட்கார்ந்தாள்.

“நான் சொன்னேன்ல,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவள் கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“அவுத்துருவோம்ணே,” என்றான் மாணிக்கம். “சம்பந்தியம்மா பகலுக்குத்தானே? அதுக்குள்ள அவுத்துரலாம்.”

வாசலிலிருந்து அவிழ்த்துக்கொண்டு இறங்கினோம். ஈரத்தில் முடிச்சு இறுகிப் போயிருந்தது. முதல் மரம்கூட முடியவில்லை. கீழே பஸ் நின்றது. காலை முதல் பஸ்.

பகல் என்றவர் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்.

“டெய்சீ!”

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குடை ஒரு பக்கம் போனது. பை ஒரு பக்கம் போனது. ஈரக் கல் படியில் அந்த அம்மா ஓடி வந்தார். ஒரு செருப்பு கீழ்ப் படியில் கழன்றது. மற்றது நடுப் படியில். “ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்ல” என்று நான் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. என்னைத் தாண்டிப் போனார். இஸ்தோப்பில் அடுக்கியிருந்த கதிரைகளைப் பார்த்தார். அதோடு வாசலையும் தாண்டி உள்ளே போய்விட்டார்.

டெய்சி அப்போதுதான் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முடி கலைந்திருந்தது.

“அம்மா? நீங்களா? இங்கயா?”

அவர் மகளின் முகத்தைத் தொட்டார். வயிற்றைத் தொட்டார். மறுபடியும் முகத்தைத் தொட்டார்.

“யாருக்குடி? யாருக்கு?”

“யாருக்கு, என்ன?”

மகளின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். பிறகு அதே தோளில் முகத்தை வைத்தார்.

நாங்கள் வாசலுக்கு வெளியே நின்றோம். எங்கள் வீட்டுக்குள் போக எங்களுக்கே கூச்சமாக இருந்தது. பூமணிதான் முதலில் போனாள்.

“சம்பந்தியம்மா, பிளேன்டி குடிக்கிறீங்களா?”

அப்போதுதான் அவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. தலையைக் குனிந்து காலைப் பார்த்தார். வெறுங்கால். சாணி மெழுகிய காலம் போய்ச் சீமெந்து போட்ட தரை. பூமணி அதை முந்தின இரவே கழுவியிருந்தாள்.

“இஞ்சி போட்டுக் குடுங்க,” என்றார்.

ஒரே அளவு

பால் இல்லாத பிளேன்டி கிளாஸோடு அவர் வெளியே வந்தார். நான் அவிழ்த்துப் போட்டிருந்த கயிற்றை எடுத்தார்.

“யாரு கட்டினது?”

“நான்.”

“வெள்ளையிலயா கட்டுவாங்க?”

“சிவப்பும் பச்சையும்தான். பனி கழுவிருச்சு.”

கிளாஸைப் படியில் வைத்தார். ஒரு கொடியைத் திருப்பினார். மடிப்பை நகத்தால் தடவினார். ஒரு கொடியின்மேல் இன்னொன்றை வைத்தார். இன்னும் ஒன்று வைத்தார். ஓரத்தோடு ஓரம் உட்கார்ந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பழைய சூப்பவைசர் பெட்டிக்குள் விரல் விடும்போதும் இப்படித்தான் நிற்பேன்.

“ஒரே அளவா இருக்கு,” என்றார். “எங்க பழகினீங்க?”

பூமணி எனக்குக் கண் காட்டினாள். மாணிக்கம் இருமினான். எனக்குப் பொய் வரவில்லை.

“சாவு வீட்டுக்கு வெட்டி.”

அவர் கொடியை மடிப்போடு நீவி விட்டார்.

“நான் மலர்ச்சாலைக்குத் தைக்கிறேன்,” என்றார். “சவப்பெட்டிக்குள்ள விரிக்கிற சாட்டின். காலைல அத தைப்பேன். பின்னேரம் கல்யாணச் சட்ட தைப்பேன். ஒரே மெசின். ஊசிக்கு என்னங்க தெரியும்?”

டெய்சி இதை எங்களிடம் சொன்னதே இல்லை. பூமணி அவளைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். இன்னும் சிவப்பும் பச்சையும் போகவில்லை.

“கலர் மிச்சம் இருக்கா?” என்றார் திரேசா.

“இருக்குங்க.”

“கொண்டாங்க. பூசிக் காயவிட்டு மேல மெழுகு தேய்க்கணும். மாதா கோயில் தேருக்கு நாங்க அப்புடித்தான் செய்வோம். மழைக்கும் நிக்கும்.”

மாணிக்கம் போய் அவருடைய பையையும் குடையையும் எடுத்து வந்தான். இயேசு பாலன் குடிலில் ஏற்ற வைத்திருந்த மெழுகுதிரி பையில் இருந்தது. நான் பூசினேன். பூமணி அடுப்பில் காயவைத்தாள். அவர் மெழுகு தேய்த்தார். டெய்சி காலை நீட்டி உட்கார்ந்து எல்லோரையும் ஏவினாள்.

“அம்மா, பச்சைக்குப் பக்கத்துல பச்ச வருது.”

“வாய மூடு. வந்தவொடன ஆரம்பிச்சிட்டா.”

“நான் வரல. நீங்கதான் வந்தீங்க.”

பூமணி சிரித்தாள். திரேசா சிரிக்கவில்லை. ஆனால் பச்சையை மாற்றி வைத்தார்.

திரும்பக் கட்டி முடித்ததும் பூமணி ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொடியில் வீசினாள். நம்பவில்லை அவள். தண்ணீர் மணி மணியாக உருண்டு விழுந்தது. நிறம் அசையவில்லை. இன்னொரு கோப்பை வீசினாள்.

“போதும்டி,” என்றேன்.

அந்தக் கொடிகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பிஸ்கட் டின்னில். ஒவ்வொரு டிசம்பரிலும் மூடியைத் திறந்தால் மெழுகு வாசம் வரும். தேய்ந்த இடத்தில் திரும்பத் தேய்ப்போம். இப்போது கோயில் திருவிழாவுக்கும் என்னிடம் கேட்கிறார்கள். மாணிக்கத்தின் மகள் கல்யாணத்துக்கு மஞ்சளிலும் ரோஸிலும் வெட்டிக் கொடுத்தேன். சாவுக்கும் வெட்டுகிறேன். கத்திரிகோல் அதேதான்.

அன்றைக்கு வருகிறேன். கட்டி முடியவும் வெயில் வரவும் சரியாக இருந்தது. கீழே பகல் பஸ் வந்து நின்றது. ஹோர்ன் அடித்தான். டெய்சியின் உடுப்புப் பை கதவுக்குப் பக்கத்தில் கட்டி வைத்தபடி இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. திரேசா தலையைத் தூக்கவில்லை. மிச்சம் இருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பஸ் போனது.

“அப்ப நான் கதிரைய எடுத்துட்டுப் போறேண்ணே,” என்றான் மாணிக்கம்.

“இருக்கட்டும் தம்பி,” என்றார் திரேசா.

“ஏம்மா?”

“நாளைக்கி என் தங்கச்சி வீட்டாள்கள இங்க வரச் சொல்லப் போறேன். நத்தாருக்கு. ஒக்கார வேணாமா?”

மாணிக்கம் என்னைப் பார்த்தான். பூமணியைப் பார்த்தான்.

“அம்மா, இது சாவுக் கதிரைங்க.”

அவர் எழுந்தார். அடுக்கிலிருந்து ஒன்றை உருவினார். முந்தானையால் துடைத்தார். வாசலில், கொடிக்குக் கீழே போட்டு உட்கார்ந்தார். காலில் இன்னும் செருப்பு இல்லை.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

பூமணி இன்னும் ஒரு சுண்டு அரிசி போட உள்ளே போனாள். நான் மிச்சக் கதிரைகளை ஒவ்வொன்றாக இறக்கி வாசல் நெடுகப் போட்டேன். மேலே கொடி ஆடியது. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை.